பழுது பார்த்த இஞ்சினும் எண்ணெய்க் கசிவும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பார் சென்னை மாகாணத்துக் கிணறுகளில் எண்ணெய் இஞ்சின் வைத்து நீர் இறைக்கும் முறையைப் பரிசோதித்துப் பரவச் செய்தார். அப்பொழுது இஞ்சின் என்பது ஊரார் கூடி நின்று பார்க்கும் புதுமைப் பொருளாக இருந்தது. இன்றோ அது ஏரும் பரம்பும் போலக் குடியானவரின் சாதாரணக் கருவிகளுள் ஒன்றாகிவிட்டது. மின்சார மோட்டார் பெருகிய பின்னரும், மின் இணைப்புக்குக் காத்திருப்போர், மழைக்காலத்தில் தாழ்ந்த வயல்களின் நீரை வடிப்போர், கோடையில் ஆற்றுப் படுகையிலிருந்து நீர் ஏற்றுவோர், பவர் டில்லர் கொண்டு உழுவோர் ஆகிய அனைவர்க்கும் டீசல் இஞ்சினே துணையாக நிற்கிறது.

பழக்கம் மிகுந்ததனால் துணிவும் மிகுந்திருக்கிறது. பயிர் வாடும் நேரத்தில் இஞ்சின் நின்றுவிட்டால், நகரத்து மெக்கானிக் வருமட்டும் காத்திராமல், நாசிலைக் கழற்றிப் பார்ப்பதும், பில்டரை மாற்றுவதும், பம்பைத் துடைத்துப் பூட்டுவதும் குடியானவர் தாமே செய்துகொள்ளும் காரியங்களாயின. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் இத்தகைய பழுதுபார்ப்புக்குப் பின் இஞ்சின் ஓடத் தொடங்கியதும், வேலை முடிந்தது என்று கருதி ஸ்பானரைத் துடைத்து வைத்துவிடும் வழக்கம் எங்கும் காணப்படுகிறது. கழற்றிப் பூட்டிய இணைப்பு ஒன்றிலிருந்து டீசல் கசிந்துகொண்டிருக்கும். அதன் கீழே ஒரு சிரட்டையோ தகர டப்பாவோ வைக்கப்படும். அந்தச் சிரட்டை அறுவடை வரையில் அங்கேயே இருக்கும். இஞ்சின் ஓடுவதனால் மட்டும் பழுது தீர்ந்துவிடுவதில்லை. திறந்த இணைப்புக்கள் அனைத்தும் உலர்ந்து நிற்கும்பொழுதுதான் பழுது தீர்ந்தது என்று சொல்லக்கூடும்.

நஷ்டத்தின் அளவு

கவலையிலும் ஏற்றத்திலும் நீர் இறைத்த காலத்தில் சாலில் ஓட்டை விழுந்தால் அது உடனே தெரிந்துவிடும். இறைத்த உழைப்பின் ஒரு பகுதி மீண்டும் கிணற்றிலேயே விழுவதை மாடு ஓட்டுபவன் கண்ணாரக் காண்பான். அன்றிரவே தோல் தைக்கப்படும். இஞ்சினின் கசிவு அவ்வாறு உடம்பில் உறைப்பதில்லை. அதனாலேயே அது பொறுத்துக்கொள்ளப்படுகிறது. ஆகையால் அதனைக் கணக்கிட்டுப் பார்த்தல் நலம்.

ஒரு நொடிக்கு ஒரு துளி வீதம் டீசல் ஒழுகுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு மில்லி லிட்டருக்குச் சுமார் 40 துளி என்று கொண்டால், ஒரு மணி நேரத்தில் 90 மில்லி லிட்டர் ஒழுகும். நாளொன்றுக்கு 6 மணி நேரம் இறைத்தால் அரை லிட்டருக்குச் சற்று மேல். 60 நாள் இறைப்பில் 30 லிட்டருக்கு மேல். 5 குதிரைச் சக்தியுள்ள இஞ்சின் முழுப் பாரத்தில் மணிக்கு ஏறக்குறைய 1 லிட்டர் டீசல் கொள்ளும் என்பது யாவரும் அறிந்தது. எனவே சிரட்டையில் விழும் அந்தச் சிறு துளி, ஒரு போகத்தில் 30 மணி நேரத்து இறைப்பை விழுங்கிவிடுகிறது. கடைமடைப் பயிருக்கு அது ஒரு முழுத் தண்ணீராகும்.

பண நஷ்டம் இத்துடன் முடிகின்றது. பிற கேடுகள் இதனினும் பெரியவை. பெரும்பாலான இஞ்சின்கள் கிணற்று மேடையிலேயே நிறுத்தப்பட்டிருக்கின்றன. மேடையில் ஊறிய டீசல் மழைநீருடன் கிணற்றுக்குள் இறங்கும். அது நீரைவிட லேசானதாகையால் மேலே ஏடுபோல் மிதக்கும். அடியிலிருந்து நீர் உறிஞ்சும் பம்புக்கு அது தெரியாது. குடம் கொண்டு மேல்நீரை மொள்ளும் பெண்டிர்க்கும், தொட்டியில் நீர் அருந்தும் கால்நடைக்கும்தான் அதன் நாற்றமும் சுவையும் தெரியும். கொட்டகையின் கீற்றிலும் சாக்கிலும் வைக்கோலிலும் ஊறிய டீசலோ, சூடேறிய புகைபோக்கியின் அருகில் தீயை எதிர்பார்த்துக்கொண்டே கிடக்கும். டீசல் பெட்ரோலைப்போல எளிதில் பற்றாது என்பது உண்மையே. ஆனால் துணியிலும் நாரிலும் ஊறிவிட்டால் அது விளக்குத் திரியின் எண்ணெய்க்கு ஒப்பாகும். பெட்ரோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் சிறு பம்புகளில் அபாயம் இன்னும் மிகுதி. பெட்ரோல் ஆவி சாதாரண உஷ்ணத்திலேயே தீப்பற்றும்.

மூன்று தவறான எண்ணங்கள்

கசிவு நீடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் வறுமையன்று. ஒரு வாஷரின் விலை அற்பம். மூன்று தவறான எண்ணங்களே உண்மைக் காரணங்கள்.

இஞ்சின் என்றால் சிறிது ஒழுகத்தான் செய்யும் என்பது முதல் எண்ணம். இது பொருந்தாது. நாசிலிலிருந்து மிச்ச எண்ணெய் ஒரு சிறு குழாய் வழியாகத் தொட்டிக்கோ பில்டருக்கோ திரும்புவது இஞ்சினின் அமைப்பைச் சேர்ந்தது. அது குழாய்க்குள்ளேயே செல்லவேண்டும். அதனைத் தவிர வெளியே தோன்றும் ஒவ்வொரு துளியும் ஏதேனும் ஓர் இணைப்பு சரியாக அமராததைக் காட்டும். கழற்றுமுன் உலர்ந்திருந்த இணைப்பு கழற்றிய பின் நனைந்திருக்குமானால், காரணம் அந்தக் கழற்றலிலேயே இருக்கிறது. அதனை வேறெங்கும் தேடவேண்டியதில்லை.

கசிந்தால் இன்னும் இறுக்கவேண்டும் என்பது இரண்டாவது எண்ணம். மூன்றினுள்ளும் மிகுந்த சேதத்தை விளைப்பது இதுவே. செம்பு வாஷர் கசிவைத் தடுப்பது அதன் மென்மையினால். அது நசுங்கி இருபுறத்து இரும்பிலும் உள்ள சிறு மேடுபள்ளங்களை நிரப்புகிறது. ஒருமுறை நசுங்கியபின் செம்பு கடினப்பட்டுவிடும். அதே வாஷரை மறுமுறை வைத்து எவ்வளவு இறுக்கினாலும் அது நசுங்காது. மரைதான் வழுக்கும், அல்லது போல்ட்டு முறியும். 2 ரூபாய் வாஷரில் முடியவேண்டிய காரியம் பில்டர் மூடியையே மாற்றும் செலவில் போய் முடியும். அவ்வாறே, நாசிலுக்குச் செல்லும் உயர் அழுத்தக் குழாயின் முனை கூம்பாக அமைந்திருக்கும். அது தனக்குரிய குழியில் நேராக உட்கார்ந்தால் அளவான இறுக்கத்திலேயே கசிவு நின்றுவிடும். கோணலாக உட்கார்ந்ததை நீண்ட பிடிகொண்ட ஸ்பானரால் இறுக்கினால் கூம்பு நசுங்கி, குழாயின் துளை குறுகி, இஞ்சினின் சக்தியும் குறையும்.

இவையெல்லாம் மெக்கானிக்கின் வேலை, குடியானவர் கை வைத்ததே பிழை என்பது மூன்றாவது எண்ணம். இதனைச் சில உத்தியோகஸ்தர்களும் சொல்லக் கேட்கலாம். இதுவும் ஏற்கத்தக்கதன்று. பூச்சி வருமுன் மருந்தும், பொழுது சாயுமுன் நீரும் வேண்டியிருக்கும் தொழிலில், 20 மைல் தொலைவிலுள்ள மெக்கானிக்கை நம்பி இருக்கச் சொல்வது பயனற்ற உபதேசம். கலப்பையின் கொழுவைத் தட்டி மாட்டவும், வண்டியின் அச்சுக்கு மசகிடவும் அறிந்தவர்க்கு ஒரு குழாயின் இணைப்பு அரிய வித்தையன்று. குடியானவர் கைவைத்ததில் தவறில்லை. வேலையின் கடைசிக் கால் பங்கை அவர்க்கு யாரும் சொல்லித்தரவில்லை என்பதே குறை.

செய்யவேண்டிய முறை

அந்தக் கடைசிக் கால் பங்கு கீழ்க்கண்டவாறு அமையும்.

கழற்றுமுன் இஞ்சினின் வெளிப்புறத்தை நன்கு கழுவித் துடைக்கவேண்டும். இதனால் தூசி உள்ளே புகாது. பின்னர்க் கசிவைக் கண்டறிவதும் எளிதாகும். தொட்டியின் டாப்பை மூடி, இஞ்சின் ஆறியபின் வேலையைத் தொடங்கவேண்டும். கழற்றிய வாஷர்களை எண்ணி ஒரு தட்டில் வரிசையாக வைப்பது நலம். குறுக்கே துளையுள்ள போல்ட்டினால் பூட்டப்படும் வளையக் குழாய்க்கு மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு வாஷர்கள் உண்டு. அவற்றுள் ஒன்று தரையில் விழுந்து மறைவதே பல கசிவுகளுக்குக் காரணமாகிறது. இதற்கு மாறாக, நாசிலின் அடியிலுள்ள பழைய வாஷர் குழிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புதியதொன்றை வைத்துப் பூட்டுவதும் உண்டு. அப்பொழுது நாசில் உயர்ந்து நின்று, வெந்த வாயு பக்கங்களில் பீறிடும்.

கூடுமானவரை புதிய வாஷரே போடவேண்டும். கிடைக்காத பொழுது பழைய செம்பு வாஷரை அடுப்பு நெருப்பில் செந்நிறம் தோன்றுமட்டும் காய்ச்சி ஆறவிட்டால் அது மீண்டும் மென்மை பெறும். இரும்பைப்போலன்றி, செம்பு நீரில் தோய்த்தாலும் கடினப்படாது. மேலேறிய கரியைத் துடைத்து, இருபுறமும் சமமாக இருப்பதைப் பார்த்துப் பயன்படுத்தலாம். வடுப்பட்டதையும் வளைந்ததையும் எறிந்துவிடவேண்டும்.

பூட்டும்பொழுது நட்டுக்களை முதலில் விரலாலேயே சில சுற்றுக்கள் ஏற்றவேண்டும். விரலால் ஏறாத நட்டு கோணலாக நிற்கிறது என்பது பொருள். உயர் அழுத்தக் குழாயின் இரு முனைகளையும் விரலால் ஏற்றியபின்னரே ஸ்பானரைத் தொடவேண்டும். ஒரு ஸ்பானரால் நட்டைத் திருப்பும்பொழுது, அதனடியில் பம்பின் தலை சேர்ந்து திரும்பாதபடி மற்றொரு ஸ்பானரால் பிடித்துக்கொள்வது அவசியம். குழாயை இஞ்சினோடு பிணைக்கும் சிறு கிளிப்பை வேண்டாத பொருளென்று விட்டுவிடலாகாது. அது இல்லாவிடில் அதிர்ச்சியினால் குழாய் சில வாரங்களில் வெடிப்புக் காணும். ரப்பர்க் குழாய் போடவேண்டிய இடத்தில் டீசலுக்கென்று செய்யப்பட்டதையே போடவேண்டும். தண்ணீர்க் குழாயை வெட்டிச் செருகினால் அது டீசலில் ஊறி உப்பியோ, விறைத்து வெடித்தோ பயனற்றுப் போகும்.

சோப்புக் கட்டியைத் தேய்ப்பதும், நூலைச் சுற்றுவதும், தண்ணீர்க் குழாய்க்கு உபயோகிக்கும் வெள்ளை நாடாவை மரையில் சுற்றுவதும் இவ்விடத்திற்கு ஏற்றவையல்ல. கூம்பு இணைப்பிலும் வாஷர் இணைப்பிலும் எண்ணெயைத் தடுப்பது மரையன்று; ஆதலால் மரையில் எதைச் சுற்றினும் பயனில்லை. நாடாவின் கிழிசல் நாசிலின் நுண்துளையை அடைத்துப் புதிய பழுதையும் உண்டாக்கும்.

பூட்டியபின் காற்று நீக்கும் திருகைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் எண்ணெய் வரும்வரை விட்டு, மீண்டும் மூடவேண்டும். அவசரத்தில் இத்திருகையும் நாசில் முனையிலுள்ள நட்டையும் அரைகுறையாக இறுக்கிவிடுவது மிகச் சாதாரணமான தவறு. பிறகு எல்லா இணைப்புக்களையும் உலர்ந்த துணியால் துடைத்து, கீழே ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, இஞ்சினை அரைமணி நேரம் பாரத்துடன் ஓட்டவேண்டும். குளிர்ந்த நிலையில் உலர்ந்திருந்த இணைப்பு சூடேறி அதிர்ந்தபின் கசிவதுண்டு. தாளில் கறை விழுந்த இடமே கசியும் இடம் என்று முடிவு செய்யலாகாது. எண்ணெய் குழாயின்மேல் வழிந்து வேறிடத்தில் சொட்டும். சக்கரத்தின் காற்றும் அதனை விசிறும். நனைந்த இடங்களுள் மிக உயரத்திலுள்ளதே கசிவின் பிறப்பிடமாக இருக்கும். கசிவு கண்டால் இஞ்சினை நிறுத்தியபின்னரே இணைப்பைத் தொடவேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத கசிவுகள்

வெளியே சொட்டாத கசிவு இரண்டு வகைப்படும். எண்ணெய்த் தொட்டி தாழ்ந்தும் பம்பு உயர்ந்தும் இருக்கும் யந்திரங்களில், உறிஞ்சும் குழாயின் இணைப்பு தளர்ந்தால் எண்ணெய் வெளிவராது. காற்று உள்ளே புகும். இஞ்சின் சிறிது ஓடி நிற்கும்; காற்று நீக்கினால் மீண்டும் ஓடும்; மீண்டும் நிற்கும். பம்பையே குற்றம் சொல்லி விற்றவர்களும் உண்டு. குற்றம் ஒரு தளர்ந்த கிளிப்பில் இருந்திருக்கும்.

மற்றொன்று இதனினும் கொடியது. பம்பைக் கழற்றிப் பூட்டியபின் டீசல் உட்புறமாகக் கசிந்து மசகெண்ணெய்த் தொட்டியில் கலப்பதுண்டு. அளவுகோலில் இஞ்சின் ஆயிலின் மட்டம் குறைவதற்குப் பதிலாக உயருமானால் மகிழ்ச்சிக்கு இடமில்லை. ஆயில் நீர்த்து, டீசல் நாற்றம் வீசும். அந்நிலையில் இஞ்சினை ஓட்டவே கூடாது. நீர்த்த ஆயில் பேரிங்குகளைக் காக்காது. மட்டம் மிகுந்து ஆயில் எரியறைக்குள் ஏறினால் டீசலை நிறுத்தியும் இஞ்சின் நிற்காமல் வெறிகொண்டு ஓடக்கூடும். கசிவை நீக்கி, பழைய ஆயிலை முழுவதும் வடித்து, புதிதாக ஊற்றிய பின்னரே தொடங்கவேண்டும். பம்பின் உள்ளுறுப்புத் தேய்ந்ததனால் நேர்ந்த இவ்வகைக் கசிவு மட்டும் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடத்தக்கது.

கையால் தொடலாகாது

எல்லாவற்றினும் முக்கியமாக ஒன்றைக் கூறவேண்டும். நாசிலுக்குச் செல்லும் குழாயில் டீசலின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோவுக்கு மேலும், பல இஞ்சின்களில் 200 கிலோவை ஒட்டியும் இருக்கும். டிராக்டரின் பின் டயரில் உள்ள காற்றின் அழுத்தமோ 1 அல்லது 2 கிலோதான். ஓடும் இஞ்சினில் இக்குழாயின் வெடிப்பிலிருந்து பீறிடும் மெல்லிய தாரை தோலைத் துளைத்துச் சதைக்குள் புகவல்லது. கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்க்கும் வழக்கம் ஆகவே மிக அபாயமானது. ஓர் அட்டையை நீட்டிப் பார்த்தால் போதும்; அட்டையில் ஈரம் தெரியும்.

அவ்வாறு தாரை பாய்ந்த இடத்தில் முள் குத்தியது போன்ற சிறு புள்ளியே முதலில் தோன்றும்; வலியும் சொற்பமாக இருக்கலாம். அதனைக்கண்டு அலட்சியம் செய்தல் கூடாது. உள்ளே புகுந்த டீசல் சதையை அழித்துக்கொண்டே செல்லும். சில மணி நேரத்திற்குள் அறுவைச் சிகிச்சை செய்யப்படாவிடில் விரலையோ கையையோ இழக்க நேரிடும். மஞ்சளோ சுண்ணாம்போ வைத்துக் கட்டாமல், அழுத்தமுள்ள டீசல் பாய்ந்தது என்பதைத் தெளிவாகச் சொல்லி உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லவேண்டும்.

கிராமத்தார் கடமை

இக்காரியத்தைத் தனிப்பட்ட குடியானவரின் கருத்துக்கு மட்டும் விட்டுவிடுவது போதாது. கசியும் இஞ்சின் ஒருவருடையதாயினும், டீசல் மிதக்கும் கிணறும் வாய்க்காலும் பலருக்குரியவை. கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும், பொதுக் கிணற்றின் அருகிலும் வாய்க்கால் கரையிலும் நிறுத்தப்படும் இஞ்சின்களைப் பார்வையிடும்பொழுது, சிரட்டை வைத்திருப்பதைக் கண்டு திருப்தியுறாமல் சிரட்டைக்குரிய காரணத்தைக் கேட்பாராக. பாகங்களைக் கழுவிய டீசலை வாய்க்காலில் கொட்டுவதையும் தடுப்பாராக.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் உரமும் விதையும் விற்கும் இடத்தில், அவ்வூரில் மிகுதியாக வழங்கும் இஞ்சின்களுக்குரிய செம்பு வாஷர்களையும் டீசல் குழாயையும் கிளிப்புகளையும் சிறு பொட்டலங்களாக வைத்து விற்கலாம். இதற்கு வேண்டிய முதல் சொற்பம், பயனோ பெரிது. அவசர நேரத்தில் கைக்கெட்டும் தொலைவில் வாஷர் இல்லாததே பழைய வாஷரை மீண்டும் போடுவதற்குக் காரணமாகிறது. வேளாண்மைப் பொறியியல் துறையார் நடத்தும் பயிற்சிகளிலும், இஞ்சினைக் கழற்றிப் பூட்டுவதைக் காட்டுவதோடு நில்லாமல், பூட்டியபின் அரைமணி நேரம் ஓட்டிச் சோதிப்பதையும் பாடத்தின் ஒரு பகுதியாக்குதல் வேண்டும். இளைஞர் இஞ்சினைக் கிளப்புவதைக் கற்றுக்கொண்டு போகின்றனர். அதனை உலர்ந்த நிலையில் விட்டுவருவதையும் கற்றுக்கொண்டு போகவேண்டும்.

இன்னும் அரைமணி நேரம் யாருக்கு இருக்கிறது என்று கேட்பவர் இருக்கலாம். வயலுக்கு நீர் பாய்ந்துகொண்டிருக்கும் பொழுதே இச்சோதனை நடைபெறுமாகையால், அந்த அரைமணி வீணாவதில்லை. மேடையில் சற்று உட்கார்ந்து பார்ப்பதற்குரிய பொறுமையொன்றே வேண்டப்படுவது. வரப்பு உடைந்தால் நீர் போகுமே என்று இரவிலும் மண்வெட்டியுடன் சுற்றிவரும் குடியானவர்க்கு இப்பொறுமை புதிதன்று. வரப்பை அடைத்த பின்னும் மறுமுறை வந்து அடைப்பு நிற்கிறதா என்று பார்க்கும் அவர், அதே கண்ணை இஞ்சினின் இணைப்புக்கள்மேலும் செலுத்துவாராயின், வாங்கிய டீசல் முழுவதும் நீராக வயலைச் சேரும். கிணறும் கையும் கேடின்றி இருக்கும்.